மழைத் தண்ணி கடலுக்கு எதைக் கொண்டு போகுது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம கூட்டமைப்பில் விவசாயக் குழுக்களும் இருக்கு, உப்பள வேலைக்குப் போறவங்களும் இருக்கீங்க, மீன் கூடை தூக்குறவங்களும் இருக்கீங்க. ஐப்பசி, கார்த்திகை வந்தா விவசாயக் குழுக்களில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "இவ்வளவு தண்ணியும் வீணா கடலுக்குப் போகுதே!" அது வீணாகப் போகவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் வழிஞ்சு வர்ற தண்ணி கழுவெளியில் சேருது. அங்கிருந்து உப்பங்கழி வழியா எடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலோடு கலக்குது. வர்ற வழியில் வயல் வண்டல், மக்கின இலை, சாணம் எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு வருது. நம்ம பயிருக்குப் போடுற அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதில் இருக்கு.

அடுத்து நடப்பது உப்பளத்து அக்காமாருக்குச் சுலபமாகப் புரியும். பாத்தியில் முத்தின உப்புத் தண்ணி நிற்கும்போது மழை பேஞ்சா, மழைத் தண்ணி மேலாகவே நிற்கும் இல்லையா? முகத்துவாரத்திலும் அப்படித்தான். நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். அதனால் கலங்கல் தண்ணி கடலுக்கு மேலாகவே விரிஞ்சு போகும். உப்பு பட்டதும் வண்டல் திரண்டு அடியில் படியும். மண்ணோடு ஒட்டி வந்த மணிச்சத்தில் ஒரு பங்கு பிரிஞ்சு தண்ணியில் கரையும். தண்ணி தெளிஞ்ச இடத்தில் வெயில் உள்ளே இறங்கும். சத்தும் வெயிலும் சேர்ந்தா, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி பெருகும். மத்திக்கும் நெத்திலிக்கும் அதுதான் அடிப்படைச் சாப்பாடு. அவற்றைத் தின்னத்தான் வஞ்சிரம் வருது. கடலில் பொரிக்கிற வெள்ளை இறால் குஞ்சுகூட இந்தக் கழிக்குள் வந்து வளர்ந்துதான் திரும்பப் போகும்.

எகிப்து நாட்டில் நைல் நதிக்குக் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டினார்கள். 1964 முதல் வெள்ளத்தைத் தேக்கினார்கள். 1962-ல் சுமார் 18,000 டன் கிடைத்த மத்தி, 1960-களின் கடைசியில் ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது. வெள்ளம் வராததுதான் அதற்கு முக்கியக் காரணம். ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து மீன்பாடு ஓரளவு திரும்பியது. அதற்கு வயலிலிருந்து வடிந்த உரமும் நகரக் கழிவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அப்போ உரத்தை அள்ளிக் கொட்டலாமா என்று உடனே கேட்பீர்கள்! கூடாதும்மா. சத்து அளவுக்கு மிஞ்சினா பாசி முட்ட முட்டப் பெருகி, அழுகி, தண்ணியில் இருக்கிற பிராணவாயுவைத் தின்னுடும். 2019-ல் மண்டபம், பாம்பன் பக்கம் பூங்கோரை படர்ந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பூங்கோரைக்கும் உரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழி மாதிரி ஆழமில்லாத, அடைபட்ட தண்ணியில் ஆபத்து இன்னும் அதிகம். கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் சகோதரிகளுக்குத்தான் முதல் அடி விழும்.

"அப்படின்னா ஏரியில தண்ணியே தேக்கக் கூடாதா?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். நல்லா தேக்குங்க. ஏரி நிரம்பின பிறகு வழியுற தண்ணிக்கு ஓடை திறந்திருக்கணும், அவ்வளவுதான். ஓடையை மறிச்சு வேலி போடுவதும், பக்கிங்காம் கால்வாயில் குப்பை கொட்டுவதும் நம்ம கையில் இருக்கிற விஷயம்.

யூரியாவும் அப்படித்தான். மழை இருட்டிக்கிட்டு வரும்போது மொத்த மூட்டையையும் வீசினா, குழுக் கடனில் வாங்கின காசுதான் வாய்க்காலில் போகும். மண் பரிசோதனை செய்து, அளவோடு, பிரிச்சுப் பிரிச்சுப் போடணும்.

விவசாயக் குழுக்கள் ஒவ்வொன்றும் வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, கலந்து, நிழலில் காயவைத்து, அரைக்கிலோ பையில் போட்டு, பெயரும் பயிரும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எல்லாவற்றையும் சேர்த்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்துவிடலாம்.