படிக்காமல் போட்ட ஒரு டிக்

(பழைய மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அமெரிக்காவில் வேலை பார்க்கும் அனுபவத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்றார். வால்வு, பம்பு பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு தகப்பனாக நான் எடுக்க வேண்டி வந்த ஒரு முடிவைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், இன்னும் பலர் போகப் போகிறீர்கள். எனக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. உங்களுக்காவது யாராவது சொல்ல வேண்டாமா?

நம் வரைபடக் கூடத்தில் முதலாமாண்டு எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒன்று சொல்வார். "வரைபடத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுட்டா அது உன் பொறுப்பு. படிச்சுப் பார்க்காம போடாதே." இத்தனை வருஷ வேலையில் அந்த விதியை நான் மீறியதில்லை. மீறியது ஒரே இடத்தில். என் மகன் பிறந்த ஆஸ்பத்திரியில்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போனபோது ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ், அவசரத் தொடர்பு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடுவில் ஒரு வரி: ஆண் குழந்தை பிறந்தால் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. நம்மூரில் சுன்னத்து என்று சொல்கிறோமே, அதுதான். இந்த ஊரில் எல்லோரும் செய்வார்கள் போலிருக்கிறது, ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்து, 'ஆம்' கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். மனைவியிடம் சொல்லக்கூட இல்லை.

மகன் பிறந்த மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். "நீங்கள் 'ஆம்' என்று குறித்திருக்கிறீர்கள். நாளை வீட்டுக்குப் போவதற்குள் செய்துவிடலாம். ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். "என்னங்க இது? எதுக்கு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பிறகு அவளே டாக்டரிடம் கேட்டாள்: "இவனுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கா? இது கட்டாயம் செய்யணுமா?"

"பிரச்சினை எதுவும் இல்லை. மருத்துவ ரீதியாகக் கட்டாயம் இல்லை. சில நன்மைகள் உண்டு, சில ஆபத்துகளும் உண்டு. முடிவு உங்களுடையது" என்றார் அவர். எங்களுக்கு ஒரு நாள் இருந்தது.

அந்த ஒரு நாளிலும் அதற்குப் பிறகும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மத வழக்கம் இல்லாத குடும்பங்களிலும் இது எப்படி வந்தது? 1870-ல் நியூயார்க்கில் லூயிஸ் சேயர் என்ற புகழ்பெற்ற எலும்பு மருத்துவர், கால் விளங்காத ஓர் ஐந்து வயதுச் சிறுவனுக்கு இதைச் செய்தார். பையன் நடந்தான், ஆகவே வாதம் குணமாகிவிட்டது என்று அறிவித்தார். அதன்பின் வலிப்பு முதல் இளவயதுப் பழக்கங்கள் வரை பலவற்றுக்கும் இதுவே மருந்து என்றார்கள். அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. வழக்கம் மட்டும் நின்றது. 1979-ல் அங்கே ஆஸ்பத்திரியில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேருக்கு மேல் செய்துகொண்டார்கள். 2010-ல் அது 58 ஆகக் குறைந்திருந்தது. நான் நினைத்தது போல எல்லோரும் செய்வதில்லை!

இங்கிலாந்தின் கதை வேறு. டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் 1949-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். தோல் பின்னுக்குப் போகவில்லை என்று சொல்லித்தானே வெட்டுகிறீர்கள், பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் அது முழுதாகப் பின்னுக்குப் போகிறது, மற்றவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இயல்பு என்று காட்டினார். அங்கே ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இந்த அறுவையால் இறப்பதையும் எடுத்துச் சொன்னார். அரசு மருத்துவத் திட்டமும் காரணமில்லாமல் செய்வதற்குப் பணம் தரவில்லை. வழக்கம் வேகமாகக் குறைந்துவிட்டது. 1968-ல் டென்மார்க்கில் பள்ளிப் பையன்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பதினேழு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தானாகவே சரியாகிவிடுவது தெரிந்தது. ஆகவே குழந்தையின் தோலை யாரும் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. தாய்மார்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

நன்மை என்று டாக்டர் சொன்னாரே, அது என்ன? முதலாவது, சிறுநீர்ப் பாதைத் தொற்று. முதல் வருஷத்தில் நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவனுக்கு அது வரும். செய்துகொண்டால் பெருமளவு குறையும். இது பொய்யில்லை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து 2005-ல் போட்ட கணக்குப்படி, ஒரு குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க 111 நல்ல குழந்தைகளுக்குச் செய்ய வேண்டும். அதே கணக்கில், தொற்று திரும்பத் திரும்ப வரும் குழந்தை என்றால் 11 பேருக்குச் செய்தால் போதும். சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும் கோளாறு கடுமையாக இருந்தால் நாலே பேர். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுவை ஒன்றுதான். 'அவசியம்' என்ற சொல்லின் பொருள் குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது.

இரண்டாவது, எய்ட்ஸ் கிருமி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளில் வளர்ந்த ஆண்களிடம் செய்த சோதனைகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது 60 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம், அந்த நோய் மிகுதியாக உள்ள நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஆபத்து என் மகனுக்கு வரும் வயதில் அவனே முடிவு செய்துகொள்ளலாமே!

ஆபத்துப் பக்கம் பார்ப்போம். அமெரிக்காவில் 2014-ல் வந்த ஆய்வு ஒன்றில், பச்சிளங் குழந்தைகளில் சிக்கல் வந்தது 200-ல் ஒன்றுக்கும் குறைவு. வருவதிலும் பெரும்பாலும் லேசான ரத்தக் கசிவுதான். பின்னால் செய்தால் சிக்கல் பத்து, இருபது மடங்கு கூடுகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே 'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கும் விலை உண்டு. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. அதேபோல, சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருக்கும் குழந்தைக்குச் செய்யவே கூடாது, அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 1999-ல் தெளிவாகச் சொன்னது. அதற்கு முன் வெகுகாலம் பல குழந்தைகளுக்கு அதுவும் இல்லாமல்தான் செய்திருக்கிறார்கள்.

நம் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி. இதற்குக் கோம்கோ கிளாம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. மணி போன்ற ஒரு பகுதி, தட்டு, கை, திருகு என்று தனித்தனி உறுப்புகள். ஒரு கம்பெனியின் தட்டையும் வேறொரு கம்பெனியின் கையையும் கலந்து பூட்டினால் பொருத்தம் சரியாக இல்லாமல் நழுவலாம், உடையலாம், குழந்தைக்குக் காயம் படலாம் என்று 2000-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை விட்டது. அளவுப் பொருத்தம் பற்றி நாம் இங்கே படித்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

மருத்துவ சங்கங்களாவது ஒரே குரலில் பேசினவா என்றால் இல்லை. அந்த அமெரிக்க அகாடமி 1971-ல் பிறந்த குழந்தைக்குச் செய்ய மருத்துவக் காரணம் இல்லை என்றது. 1989-ல் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு என்றது. 2012-ல் நன்மை ஆபத்தைவிட அதிகம், ஆனாலும் எல்லோருக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும் என்றது. கனடா நாட்டுச் சங்கம் 2015-ல், வழக்கமாக எல்லா ஆண் குழந்தைகளுக்கும் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொன்னது. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010-ல் இதற்கு எதிராகவே பேசியது. 2010-லிருந்து 2015-க்குள் பேசிய இந்த மூன்று சங்கங்களின் கையிலும் இருந்தவை ஏறக்குறைய ஒரே ஆராய்ச்சிகள்தான்.

அன்று மாலை ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் இஸ்லாமியன். "மச்சான், உனக்கு இது தெரியுமே, என்ன செய்யலாம்?" என்றேன். சிரித்தான். "டேய், எங்களுக்கு இது மார்க்கம். வாப்பா செஞ்சார், நான் என் பையனுக்குச் செஞ்சேன். அங்கே கேள்வியே வேற. நீ கேக்கறது வைத்தியம். வைத்தியத்தை டாக்டர்கிட்ட கேளு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றான். அன்று எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிகத் தெளிவானது அதுதான். யூதர்களுக்கும் எட்டாம் நாள் சடங்கு அது. அவர்கள் யாரைப் பற்றியும் நான் இங்கே பேசவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லாத என்னைப் போன்றவனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. "பள்ளிக்கூடத்துல மத்தப் பசங்களைவிட வித்தியாசமா இருக்கான்னு கேலி பண்ணுவாங்களோ" என்று மனைவிக்குக் கவலை. மாமியார் ஊரிலிருந்து போனில், "மாப்பிள்ளை, நல்லா இருக்கற புள்ளைய ஏன் அறுக்கணும்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ராத்திரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். இவனுக்கு இப்போது என்ன பிரச்சினை? ஒன்றுமில்லை. காத்திருந்தால் என்ன நஷ்டம்? சிறிய அளவு ஆபத்து. செய்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பெற முடியுமா? முடியாது. செய்யாமல் விட்டுப் பின்னால் வேண்டுமென்றால் முடியுமா? முடியும், கொஞ்சம் சிரமத்தோடு. விடிந்ததும் போய் டிக்கை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே நெஞ்சை நிமிர்த்திப் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி முடியவில்லை.

ஏழாம் மாதம் மகனுக்குக் காய்ச்சல் 103 டிகிரிக்குப் போயிற்று. சளி இல்லை, இருமல் இல்லை. ராத்திரியில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்னக் குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்று என்றார்கள். நூற்றில் ஒன்று என்று நான் கணக்குப் போட்டேனே, அந்த ஒன்று என் பிள்ளை. என் மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடியற்காலையில் குழந்தை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன்: "நாங்கள் தப்பு பண்ணிட்டோமா?" அவர், "செய்திருந்தால் இது வந்திருக்கும் வாய்ப்புக் குறைவுதான். ஆனால் அன்று உங்களுக்குத் தெரிந்ததை வைத்து நீங்கள் எடுத்தது சரியான முடிவு. ஸ்கேன் பார்ப்போம்" என்றார். ஸ்கேனில் சிறுநீரகம் சரியாக இருந்தது. பத்து நாள் மருந்தில் குணமாகிவிட்டது. "இப்போது செய்ய வேண்டியதில்லை. மறுபடி மறுபடி வந்தால் பேசலாம்" என்றார். பிறகு வரவில்லை. இப்போது நாலரை வயது. அதோ மூன்றாவது வரிசையில் நாற்காலி மேல் ஏறி நிற்கிறானே, அவன்தான்.

டெக்சாஸில் இருக்கும் என் வகுப்பு நண்பன் ஒருவனுடைய குழந்தைக்குப் பிறக்கும் முன்பே ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருந்தது. பிறந்தபின் சிறுநீர் மேலே திரும்பும் கோளாறு கடுமையாக இருப்பது தெரிந்தது. டாக்டர்கள் செய்துவிடச் சொன்னார்கள், செய்தார்கள். அதுவும் சரியான முடிவுதான். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிராக முடிவு எடுத்தோம். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் குழந்தைக்கு இது எதுக்கு?"

தம்பி தங்கைகளே, செய் என்றோ செய்யாதே என்றோ சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல நான் டாக்டரும் இல்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் போகும் ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தால், அது வழக்கமா, வைத்தியமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரசவ நாளில் கேட்காதீர்கள், அதற்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். சரியாக முடிவெடுத்தாலும் பிள்ளைக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் வரலாம். அதற்காக எடுத்த முடிவு தப்பாகிவிடாது. ஆனால் படிக்காமல் போட்ட டிக், பலன் நன்றாக வந்தாலும் தப்புதான்.

எங்கள் வரைபடப் பேராசிரியர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். ஐயா, ஒரு தடவை மீறிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, பக்கத்தில் என் மனைவி இருந்தாள்.