அடுப்புக் கரியும் காய்கறிப் பாத்தியும்



லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு, கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போனவர்கள்கூட, பழைய வாளியில் இரண்டு மிளகாய்ச் செடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வைக்காமல் இருப்பதில்லை. கடையில் காசு கொடுக்காமல் பிள்ளைகளின் தட்டில் கீரை விழுகிறது என்றால் அது சின்ன விஷயமா? சம்பள நாளுக்கு முந்தைய வாரத்தில் அந்தக் கீரைப் பாத்தியின் அருமை நம் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தடவையாவது நாம் மனம் சோர்ந்து போகிறோம். மேற்குக் கரையில் ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன், ஜூலை மாதங்களிலும் மழை குறைகிறது. பத்து நாள் விடாமல் வெயில் அடித்தால் போதும். பூத்து நின்ற மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. பிறகு மழை வருகிறது. வந்தால் ஒரேயடியாக வருகிறது. முதல் நாள் போட்ட உரம் மறுநாள் காலுவாயில் ஓடிவிடுகிறது.

இது நம் கற்பனையல்ல. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் வெப்பம் 40.1 பாகையைத் தொட்டது. 2014-இல் சிலாங்கூரில் மழை பொய்த்துத் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அதே சிலாங்கூரில் 2021 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. வானத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் காலடியில் இருக்கும் மண்ணைக் கொஞ்சம் மாற்றலாம். அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் மண்ணைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டின் செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் பெரும்பாலும் புளித்த மண். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழை, அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மண் அதிகம் புளித்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்குகிறது. வேர் குட்டையாகி, மேல் மண்ணிலேயே சுருண்டு கிடக்கும். நேயர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெயில் காலத்தில் மேல் மண் காய்ந்தாலும் ஓரடிக்குக் கீழே ஈரம் இருக்கும். ஆனால் வேர் அங்கே போயிருந்தால்தானே குடிக்க முடியும்? செடி வாடுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. வேர் இறங்காததும் ஒரு காரணம்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்து முடித்த நிலங்களில் வேறு தொல்லை. அங்கே வெறும் மணல்; ஊற்றிய தண்ணீர் நில்லாது. அப்படிப்பட்ட மணலிலும் ஓயாமல் எருவைக் கொட்டிக் காய்கறி விளைவித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மண் கைவிட்டாலும் மனிதன் கைவிடாமல் இருந்தால் விளையும் என்பதற்கு அது சாட்சி.

இப்போது கரிக்கு வருவோம். நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கினார்கள். அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவினார்கள். கரியும் சாம்பலும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விறகு முழுதும் எரிந்து வெளுத்துப் போனால் சாம்பல். அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் உண்டு. ஆனால் இரண்டு மழையில் கரைந்துவிடும். காற்று போதாமல் வெந்து, கறுப்பாக நின்றால் அது கரி. கரித்துண்டு ஒன்றை உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், தேன்கூடுபோல் நுண்ணிய துளைகள் தெரியும். அந்தத் துளைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. உரச் சத்தும் கரியில் ஒட்டிக்கொள்வதால் மழை அதைச் சட்டென்று அடித்துக்கொண்டு போக முடிவதில்லை. மணல் மண்ணில் கரி ஈரத்தை நிறுத்துகிறது; களிமண்ணில் காற்றுக்கு வழி விடுகிறது. எரு ஓரிரண்டு ஆண்டுகளில் மக்கி மறைந்துவிடும்; நன்றாக வெந்த கரியோ நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும்.

இதற்குச் சான்று வேண்டுமா? தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பகுதியும் நம் நாட்டைப் போலவே வெயிலும் மழையும் மிகுந்த இடம். மண்ணும் சத்தற்ற மண். ஆனால் அதன் நடுவே திட்டுத் திட்டாகக் கறுத்த, கொழுத்த மண் காணப்படுகிறது. அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் அடுப்புக் கரி, மீன் முள், எலும்பு, சமையல் கழிவு, உடைந்த பானை ஓடு எல்லாம் சேர்ந்து உண்டான மண் அது. சில திட்டுகளுக்கு 2000 ஆண்டுக்கு மேல் வயது. இன்றும் அங்கே பயிர் செழிக்கிறது. இதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் மண்ணுக்கென்றே கரி தயாரித்து, அதற்குப் பயோசார் என்று பெயர் வைத்தார்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, வெப்ப நாடுகளில் கரி சேர்த்த நிலங்களில் விளைச்சல் சராசரியாக நான்கில் ஒரு பங்கு கூடியது. குளிர் நாடுகளிலோ சராசரியில் ஒன்றும் கூடவில்லை. புளித்த, சத்தற்ற மண்ணுக்குத்தான் கரி மருந்து. ஏற்கெனவே நன்றாக இருக்கும் மண்ணுக்கு அது வீண் செலவு.

அமேசான் மண் நமக்குச் சொல்லும் பாடம் இன்னொன்றும் உண்டு. அவர்கள் வெறும் கரியைப் போடவில்லை. கழிவோடு சேர்த்தே போட்டார்கள். வெறும் கரி உரமல்ல. அதை அப்படியே பாத்தியில் கொட்டினால், பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல் மண்ணிலுள்ள சத்தை அது முதலில் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கீரை மஞ்சளாகும். நாமும் “கரி போட்டுக் கெட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஆகவே கரிக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் அதைச் செடியிடம் அனுப்ப வேண்டும்.

கரிக்கு எங்கே போவது? பொங்கல் அன்று வாசலில் விறகடுப்பு மூட்டுகிறோம். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அண்டா ஏற்றுகிறோம். சமையல் முடிந்ததும் தணலை அப்படியே விட்டால் விடிவதற்குள் சாம்பலாகிவிடும். கனிந்திருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டால் ஒரு சாக்குக் கரி நமக்குக் கிடைக்கும். பெரியவர்கள்தான் அணைக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். மற்றது உமிக்கரி. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். செடிக் கடைகளில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கறுப்பாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்; வெளுத்திருந்தால் அது சாம்பல்.

கரிக்காக வீட்டுப் பின்புறத்தில் குப்பையைக் குவித்துக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பதை நம் நாட்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. புகை முதலில் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். சாயம் பூசிய பலகை, மருந்து ஏற்றிய மரம், பிளாஸ்டிக் பட்ட தணல் ஆகியவற்றின் கரியும் கூடாது. கரி நன்றாக வெந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. விரலில் தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். எளிதில் போய்விட்டால் நல்ல கரி. பிசுக்கென்று ஒட்டிக்கொண்டால் கீல் இன்னும் இருக்கிறது என்று பொருள், அதை ஒதுக்கிவிடலாம்.

பக்குவம் இதுதான். கரியை ஈரப்படுத்திச் சாக்கில் போட்டுத் தட்டி, பச்சைப் பயறு அளவுக்கு நொறுக்க வேண்டும். காய்ந்த கரியை இடித்தால் தூள் மூச்சில் ஏறும். நொறுக்கிய கரி ஒரு வாளி, மக்கிய மாட்டெருவோ கோழி எருவோ ஒரு வாளி என்று கலந்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நீர் தெளித்து, நிழலில் மூடி வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை கிளறிவிட்டு, மூன்று நான்கு வாரம் பொறுத்தால் கரி தயார். மூன்றடி அகலம், பத்தடி நீளமுள்ள பாத்திக்கு 3 முதல் 5 கிலோ கரி போதும். அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். வாளியில் செடி வைப்பவர்கள் பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்க்கலாம்.

மண்ணின் புளிப்பை எடுக்க டோலமைட் சுண்ணாம்புத் தூள் உண்டு. மேற்சொன்ன பாத்திக்கு அரைக் கிலோ, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவிக் கொத்திவிட வேண்டும். புளிப்புக் குறைந்தால் வேர் கீழே இறங்கும், ஈரத்தை எட்டும். ஆனால் டோலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடக் கூடாது. மூக்கை அரிக்கும் நெடி வருமே, அது காற்றில் பறக்கும் தழைச்சத்துதான். நம் காசும் அதோடு பறக்கிறது. கரியும் சாம்பலும்கூடப் புளிப்பைக் குறைப்பவை. ஆகவே மூன்றையும் அள்ளிக் கொட்டிவிடாமல் அளவோடு நிற்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மண்ணுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, மூடாக்கு. இதற்குக் காசே வேண்டாம். செம்பனை ஆலைக்கு 100 டன் குலை போனால் ஏறத்தாழ 22 டன் வெறுங்குலையாக மிஞ்சுகிறது. அதைத்தான் மரங்களுக்கிடையே பரப்பியிருப்பதை நாம் தினம் பார்க்கிறோம். பெரிய மரத்துக்கு நல்லதென்றால் நம் மிளகாய்ச் செடிக்கும் நல்லதுதானே? நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டு இரண்டு கூடை வாங்கிக்கொள்ளலாம். பிய்த்து இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது செம்பனைக்கும் தென்னைக்கும் எதிரி. வெறுங்குலை இல்லாவிட்டால் காய்ந்த லாலாங் புல்லும் ஆகும். விதை முற்றுவதற்கு முன் அறுத்ததாக இருக்கட்டும்.

வெள்ளம் தேங்கும் இடத்தில் இவை எதுவும் தனியாக உதவாது. அங்கே பாத்தியை ஓரடி உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் வெட்டுவதே முதல் வேலை. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிய பிறகு எந்தக் கரியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

நாம் சொன்னதை நம்பி எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். ஒரே அளவில் இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றில் எரு மட்டும்; மற்றொன்றில் அதே அளவு எருவோடு கரி. ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தப் பாத்தி முதலில் வாடியது, எதில் எத்தனை காய் பறித்தோம் என்று எழுதச் சொல்லுங்கள். பலன் முதல் போகத்தில் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். அடுத்த கோடையில் தெரியலாம். உங்கள் மண்ணுக்கு எது ஏற்றது என்பதை எங்களைவிட அந்த நோட்டுப் புத்தகம் சரியாகச் சொல்லும்.

தலைமுறை தலைமுறையாக நாம் பிறருடைய நிலத்தில் உழைத்து, பிறருடைய மரங்களைச் செழிக்க வைத்திருக்கிறோம். பாத்தி போட்டிருக்கும் அந்தத் துண்டு நிலமும் நம் பெயரில் இல்லாமலிருக்கலாம். நாளை வேறிடம் போக நேரலாம். ஆனால் மண்ணைத் திருத்தத் தெரிந்த கை நம்மோடுதான் வரும். வருகிற பொங்கலன்று பால் பொங்கி முடிந்ததும், அடுப்புத் தணலில் ஒரு குவளைத் தண்ணீர் தெளிக்க மறந்துவிடாதீர்கள்.