கொள்ளிடக் கரையில் தமிழ் கற்றவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியை நூல்வழிக் கற்றல் வேறு; அம்மொழி பேசும் மக்களோடு வாழ்ந்து அதைப் பேசக் கற்றல் வேறு. இவ்வேறுபாடு எல்லா மொழிக்கும் உண்டெனினும் தமிழில் அது மிகப் பெரிது. செந்தமிழை முறையாகக் கற்ற அயல்நாட்டார் ஒருவர் திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று, "ஐயா, திருவரங்கம் செல்லும் பேருந்து எங்கு நிற்கும்?" என வினவுகிறார் எனக் கொள்வோம். கேட்டவர் முகத்தில் வியப்பு மலரும், புன்னகையும் தோன்றும். விடையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். பிழையின்றிப் பேசியும் அவர் அயலாராகவே நிற்கிறார்.

அவர் ஒன்றாம் எண் பேருந்தேறிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று நூலில் படித்த சொல், நகரத்தில் 'வந்துக்கிட்டிருக்கேன்' என ஒலிக்கும். திருவரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் உள்ள வைணவ இல்லங்களில் அதுவே 'வந்துண்டிருக்கேன்' ஆகும். நகரத்தில் இரசம் எனப்பட்டது அங்கே சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது, சமையல் தளிகை. 'அகம்' என்னும் பழஞ்சொல் 'ஆம்' எனச் சுருங்கி, 'ஆத்துல இருக்கார்' என்று இன்றும் அவ்வீடுகளில் வாழ்கிறது. ஓர் ஆற்றின் இரு கரையில் வினை ஒன்றே; வடிவம் மூன்று. எந்த வடிவத்தைக் கற்பது, யாரிடம் கற்பது என்னும் வினா எழுவது இயல்பு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இவ்வாறு தனித்தனிப் பணிகளுக்கென இரட்டையாய் நிலவும் நிலையை 1959ஆம் ஆண்டு சார்லசு பெர்குசன் என்னும் மொழியியலறிஞர் விரித்துரைத்தார். அதன்பின் தமிழும் அவ்வகைக்குச் சிறந்த சான்றாக ஆராயப்பட்டது.

பிற நாடுகளிலும் இவ்விடர் உண்டு. தாய்லாந்தில் குடியேறும் அயலார்க்குக் குரலேற்ற இறக்கமே முதல் மதில். தாய்மொழியில் ஐந்து தொனிகள் உள்ளன. 'மா' என்பதைச் சமநிலையில் ஒலித்தால் 'வா' என்று பொருள். உயர் தொனியில் ஒலித்தால் குதிரை. தாழ்ந்து எழும் தொனியில் ஒலித்தால் நாய். தமிழ் கற்பார்க்கு இவ்விடர் குறில் நெடிலிலும், லகர ளகர ழகரத்திலும் வந்து சேர்கிறது. வால், வாள், வாழ் என்னும் மூன்றும் புதியவர் செவிக்கு ஒன்றே. எனினும் ஓர் ஒற்றுமை நெஞ்சைத் தொடுவது. பாங்காக்குத் தெருவில் ஒருவரையொருவர் கண்டால் 'சாப்பிட்டாயிற்றா?' என்னும் பொருள்படக் கேட்பது வழக்கம். நம் தெருவிலும் அதுவே வழக்கம். இக்கேள்விக்கு உணவுப் பட்டியலை விடையாகக் கூறாமல் தலையசைக்கக் கற்ற நாளில்தான் அயலார் மொழிக்குள் நுழைகிறார். இதை இலக்கண நூல் கற்பிப்பதில்லை. அண்டை வீடு கற்பிக்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் நம் மண்ணில் முன்பே இருந்தனர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1750இல் வந்த சுவார்ட்சு சில திங்களுக்குள்ளேயே தமிழில் உரையாற்றினார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியை இருப்பிடமாகக் கொண்டார். கோட்டைப் பகுதியில் 1766இல் அவர் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1779இல் ஐதரலியிடம் தூது செல்ல ஆங்கிலேயர் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு, இந்நாட்டு மொழிகளில் அவருக்கிருந்த பயிற்சியும் ஒரு காரணம்.

ஆயினும், பேச்சுத் தமிழ் கற்றலைத் தனித்துறையாகவே எண்ணி நூல் செய்தவர் என்ற பெருமை வீரமாமுனிவர்க்கே உரியது. 1680இல் இத்தாலியில் பிறந்த கான்சுடன்டைன் சோசப் பெசுகி, முப்பதாண்டு நிரம்பிய பருவத்தில் தமிழகம் வந்தார். அவர் நெடுங்காலம் பணியாற்றிய ஏலாக்குறிச்சி கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இன்று அரியலூர் மாவட்டத்தது. தாய்ப்பாலோடு தமிழ் உண்ணாத ஒருவர் 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியதை நாம் வியந்து போற்றுகிறோம். அவரே 1728இல் மக்கள் நாவில் வழங்கும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார் என்பதை அத்துணை போற்றுவதில்லை. செந்தமிழ் இலக்கணம் அதற்குப் பின்னர் 1730இல்தான் எழுந்தது. கற்பவர் எவ்வழி செல்ல வேண்டும் என்பதை இவ்வரிசையே உணர்த்துகிறது.

அந்நூல் அச்சேறிய வரலாறும் எண்ணத்தக்கது. சமயக் கொள்கையில் தரங்கம்பாடியாரும் முனிவரும் எதிரெதிர் அணியினர். மறுப்பு நூல்கள் எழுதிக்கொண்டவர்கள். ஆயினும் 1738இல் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகமே. மக்களோடு பேச வேண்டிய தேவை இரு சாரார்க்கும் பொது. அத்தேவையின் முன் பகை சற்றே ஒதுங்கி நின்றது.

புதியவர் படும் இடர் சில வேளை மொழிக்கே நன்மையாக முடிவதுண்டு. பழைய ஓலைகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் கண்ணுக்கு வேறுபடா. குறிலுக்கு மேற்புள்ளி இடவேண்டும் என்பது விதி. ஓலை கிழியும் என்றஞ்சி எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடார். கெடு என்பதும் கேடு என்பதும் ஒரே தோற்றம். பிறப்பால் தமிழரானவர் இடம் நோக்கிப் படித்துக்கொள்வார். சொல்லை முன்னரே அறியாதவர் எங்ஙனம் படிப்பார்? நெடிலுக்குச் சுழித்த கொம்பு இட்டு வேறுபடுத்திய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர்க்கே சொற்பொருள் கிட்டும் என்ற நிலையை மாற்றி, அகரவரிசையில் தேடத்தக்க சதுரகராதியை 1732இல் அவர் தந்ததும் கற்பவர் இடரை உணர்ந்ததன் பயனே. அவர் கண்ட தடைகள் நமக்குப் பழகிப்போனவை. ஆதலால் நம் கண்ணுக்குப் படவில்லை. பரமார்த்த குரு கதையும் இவ்வகையதே. ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என ஐயுறும் குருவும் ஐந்து சீடர்களும் நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். தமிழ் கற்க வந்தோர்க்கு எளிய உரைநடையில் பயிற்சியாக அமைந்த கதை அது. சிரிப்பினூடே கற்றது மறவாது என்பதை முனிவர் அறிந்திருந்தார்.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்றும் உண்டு. மார்கழியில் திருவரங்கத்தில் திருப்பாவை ஒலிக்கும் காலத்தை ஒட்டி, பாங்காக்கு அரசவைப் பார்ப்பனர் 'திரியம்பாவாய் திரிபாவாய்' என்னும் சடங்கை நிகழ்த்துவர். இப்பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபே என்பது அறிஞர் முடிபு. அச்சடங்கோடு இணைந்த ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோயிற்று. மந்திர ஒலி நிற்கவில்லை. அவர்கள் ஓதுவனவற்றுள் தமிழ்ப் பாடல்களும் உள. ஆயின் பொருள் மறைந்து, ஒலியும் உருமாறி நிற்கின்றன. தலைமுறைகள் பக்தியோடு காத்தும் மொழி ஏன் உயிரோடு இல்லை? அங்கே அடுத்த வீட்டில் தமிழ் பேச எவருமில்லை. பிழையாகச் சொன்னால் திருத்தவும், சிரிக்கவும், மறுமொழி கூறவும் ஆளில்லாத இடத்தில் எத்துணைப் புனிதமான சொல்லும் வெற்றொலியாகிவிடும். ஓலைச்சுவடியாலும் பக்தியாலும் மட்டும் மொழி வாழ்வதில்லை.

கவிஞர் பெருமக்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் மறையவில்லை. இன்று திருச்சிராப்பள்ளியின் கட்டுமானப் பணியிடங்களிலும் உணவகங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்கள் கற்பது தொல்காப்பியத் தமிழன்று; 'ரெண்டு இட்லி', 'இந்தா வரேன்', 'சரிங்கண்ணா' என்னும் தமிழ். ஆசிரியரின்றி, நூலின்றி, செவி ஒன்றே துணையாகக் கற்கின்றனர். தமிழ் மண்ணுக்கு வருவோர் தமிழ் கற்க வேண்டும் என நாம் கோருவது நியாயமே. கற்க முனைவோர் முன் நாம் என்ன செய்கிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா. அவர் நாத் தடுமாறும்போது நகைக்கிறோம். அல்லது பொறுமையிழந்து வேற்று மொழிக்குத் தாவுகிறோம். இரண்டும் கதவடைப்பே. கொள்ளிடக் கரையில் அன்று வாழ்ந்த உழவரும் புலவரும் அவ்வாறு கதவடைத்திருந்தால் தேம்பாவணி இல்லை, சதுரகராதியும் இல்லை. ஒரு மாணவர் உருவாக ஊரே ஆசிரியராயிற்று. அவ்வூராரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

நிறைவாக ஓர் இலக்கணச் செய்தி. கேட்பவரை உள்ளடக்கி 'நாம்' என்கிறோம். விலக்கி 'நாங்கள்' என்கிறோம். ஆங்கிலத்திற்கு இல்லாத இவ்வேறுபாடு தமிழ் கற்பாரை நெடுநாள் தடுமாற வைக்கும். இரண்டையும் பிழையறப் பயன்படுத்த அவர் பயிற்சியால் கற்றுவிடலாம். ஆனால் அவரை நோக்கி 'நாம' என்று சொல்ல வேண்டியவர் அவரல்லர், ஊரார். அச்சொல்லை அயலார்க்கு வழங்கும் மனம் நம் வட்டத்திற்கும் வாய்ப்பதாக. அதுவே அடுத்த பத்தாண்டிற்கு உரிய பணியாகட்டும்.