வேலியோரச் செம்பருத்தி
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று காலை பள்ளி வாசலில் நுழைந்ததும், வேலியோரம் பூத்திருந்த செம்பருத்திதான் என்னை முதலில் வரவேற்றது. குளிர் நாடுகளில் பல செடிகள் வசந்தம் வந்தால்தான் பூக்கும். நம் மலேசியாவில் செம்பருத்திக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆண்டு முழுவதும் பூக்கும். அதைக் கண்டதும் என் மனம் பழைய லயத்து வீட்டுக்கு ஓடிவிட்டது. அங்கே வேலி முழுக்கச் செம்பருத்திதான். அதன் இலையை அரைத்துத்தான் அம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்குத் தேய்ப்பார்.

1960-இல் இந்தப் பூ நம் நாட்டின் தேசிய மலராயிற்று. மறு வருடம் எனக்கு வகுப்பில் முதல் பரிசு கிடைத்தது. விழாவுக்குப் போட்டுக்கொள்ள அப்பா எங்கிருந்தோ ஒரு ஜோடி பழைய கறுப்புச் சப்பாத்து வாங்கி வந்தார். பாலிஷ் வாங்கக் காசு ஏது? அக்கா வேலியில் நாலு பூவைப் பறித்தார். இதழைக் கசக்கித் தோலின்மேல் தேய் தேய் என்று தேய்த்தார். சப்பாத்து மினுமினுத்தது! ஆங்கிலத்தில் இதற்குச் 'சப்பாத்துப் பூ' என்றே ஒரு பெயர் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நீயும் விழாவுக்கு வாக்கா" என்றேன்.

"சின்னத் தம்பியை யாருடா பார்த்துக்குவா?" என்றார்.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். சின்னத் தம்பிக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். ஆயாக் கொட்டகையில் விட அம்மாவுக்கு மனமில்லை. அதனால் மூன்றாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், என்னைவிட அவருக்குத்தான் படிப்பு நன்றாக வரும்.

அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கடியில் என் பரிசுப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படித்தார். பிறகு, "மறந்து போச்சுடா" என்று சொல்லி மூடி வைத்தார். அந்தக் குரல் இன்றும் என் காதில் கேட்கிறது.

என் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் பால் வெட்டினால்தான் அடுப்பு எரியும் என்ற காலம் அது.

பெற்றோர்களே! செம்பருத்திப் பூ ஒரே நாளில் வாடிவிடும். மறுநாள் அதே செடியில் வேறு பூ மலரும். பிள்ளைகள் படிக்கிற வயது அப்படித் திரும்பி வராது. வீட்டு வேலைக்கென்று பெண்பிள்ளையை ஒரு நாள்கூடப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசோடு வீட்டுக்குப் போனதும், உங்களுக்காக உழைத்தவர் யார் என்று பாருங்கள். புத்தகத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். அவரால் படிக்க முடியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் படித்துக் காட்டுங்கள். நான் அன்று அதைச் செய்யத் தவறினேன்.