வனவீரன் தேரும் வழி

மேசையைச் சூழ்ந்திருந்து, கதைமாந்தராகவே பேசி ஆடும் விளையாட்டொன்று 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பிரசுரமாயிற்று. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். அதில் வரும் றேஞ்சர் என்னும் வனவீரன், 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி, மூன்றாம் படியை எய்தியதும் ஒரு வழியைத் தேர்ந்தாக வேண்டும். வேட்டைக்காரன் ஆவதா, விலங்கின் தோழன் ஆவதா?

வேட்டைக்காரன் முன்னே காயமுற்ற பகைவனை மேலும் வருத்தலாம். அன்றேல், பேருருவினரை எதிர்த்தடிக்கவோ, நெருங்கி நிற்கும் இருவரைத் தாக்கவோ பயிலலாம். தோழனுக்கு ஓநாய் போன்ற துணை வாய்க்கும். ஆயினும், அதனைத் தாக்குமாறு ஏவுங்கால் தன் தாக்குதலை அவன் விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஐந்தாம் படியிலேதான் தானும் ஓரடி அடிக்கலாம். 2020 இல் வந்த நூலொன்று இக்குறையைத் தணித்தது.

கணக்குப் பார்ப்போர் வேட்டைக்காரனையே விரும்புவர். துணைவிலங்கு மாண்டால் எட்டு மணிநேரத்தில் வேறொன்றைப் பழக்கலாம் என்கிறது விதி. பல மாதம் உடன்வந்த ஓநாயை மேசையிலிருப்போர் அத்துணை விரைவில் மறப்பரோ?

ஆதலின், எவ்வழி வலியது என்பதோடு நில்லாது, எவ்வழியில் நெடுநாள் மகிழ்ந்து நடப்போம் என்பதையும் எண்ணித் தேர்க. பாடத்துறை தேரும் மாணவர்க்கும் இஃது ஒக்கும்.