பாம்பன் கூண்டும் கைப்பேசி எண்ணும்



கடலில் புயல் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்வோர் அனைவரும் அறிவர். கூண்டு புயலைத் தடுப்பதில்லை. அதன் எண்ணைக் கண்டவர் தம் பயணத்தை நிறுத்துவதாலேயே உயிர் காக்கப்படுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரைக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

உடல்நலத்திற்கும் அத்தகைய கூண்டு ஒன்று இன்று பலர் சட்டைப்பையில் இருக்கிறது. கைப்பேசி நடந்த அடிகளை எண்ணுகிறது. திரையில் கழிந்த நேரத்தைக் காட்டுகிறது. இரத்தச் சர்க்கரை அளவையும் அதில் குறித்து வைக்கலாம். ஆயினும், எண்ணைக் கண்ட மாத்திரத்தில் மனிதர் மாறுவரோ?

சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை வழங்கப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். பெற்றோரில் 18 பேரே ஆளாயினர். 2013இல் இம்முடிவு வெளியாயிற்று.

அச்செய்திகள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மாற எண்ணாதவருக்கு ஒரு சொல். தொடங்கிவிட்டவருக்கு வேறொரு சொல். நிலைமைக்கேற்பக் கூண்டின் எண் மாறுவது போன்றதே இது.

ஆகவே, முதல் வாரம் அடிகளின் எண்ணிக்கையைக் குறித்து வந்தால் போதும். அடுத்த வாரம் சிறிது கூட்டலாம். கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கும் இல்லங்களில் அதன்பின் குடும்பத்தோடு நடப்பது எளிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர் வீட்டிற்கு வரும்போது, குறித்து வைத்த சர்க்கரை அளவுகளைக் காட்டலாம். மருந்தை மாற்றுவது மருத்துவர் பொறுப்பே, கைப்பேசியின் பொறுப்பன்று.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். உடலைப் பற்றிய எண்கள் அவ்வுடலுக்கு உரியவரின் உடைமை. செயலி கேட்கும் இசைவை எல்லாம் படியாமல் அளித்தல் கூடாது. அளித்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமையை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இல்லத்தாரும் அவ்வெண்களைக் காட்டி முதியோரைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துரைத்தால் முதியவர் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுவார்; உடன் நடந்தால் நாளையும் நடப்பார்.