கொடையில் ஊரின் பங்கு

அமெரிக்கக் கொடை மரபின் வேர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த சேலத்தார் முன்னிலையில் துணி மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

எலிஹூ யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். கிழக்கிந்தியக் கும்பினி வேலையோடு சொந்த வியாபாரமும் நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தார். முறைகேட்டுப் புகாரில் பதவி போயிற்று. அவர் காலத்தில் சென்னையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். 1718இல், கனெக்டிகட்டில் பணமில்லாமல் தடுமாறிய ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். மூட்டைகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அவர் செல்வத்துக்குப் பின்னால் இருந்த நெசவாளர் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். கொடையைப் புகழும் வாய் பணம் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும்.

யேலுக்கு முன்பே, 1630இல் அமெரிக்காவில் குடியேறக் கப்பலேறிய பியூரிட்டன் தலைவர் ஜான் வின்த்ரப், ஒருவர் சுமையை ஒருவர் தாங்க வேண்டும் என்று தம் மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். சமய வேர் அது. என் மனம் அதிகம் நிற்பது பிலடெல்பியாவில். 1751இல் டாக்டர் தாமஸ் பாண்ட் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நினைத்தார். நன்கொடை சரியாக வரவில்லை. நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளின் சட்டசபையில் ஒரு நிபந்தனை வைத்தார்: ஊரார் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 கொடுக்க வேண்டும். ஊராரால் முடியாது, செலவில்லாமல் நல்ல பெயர் கிடைக்கும் என்று எண்ணி எதிர்த்தவர்களும் சம்மதித்தார்கள். தாம் போடும் காசு இரட்டிப்பாகும் என்றதும் மக்கள் கொடுத்தார்கள். மருத்துவமனை எழுந்தது.

பின்னாளில் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியும் நூலகங்களுக்கு இதே வழியில் நிபந்தனை போட்டார்: ஊர் நிலம் தர வேண்டும், ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் அவருடைய தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்ததையும் சேர்த்தே நினைக்கிறேன்.

நம் பக்கம் வருவோம். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். இடம் தந்தவர் அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்து வைத்தவர் பெரியார். மழை பொய்த்த கிராமங்களில் பெண்கள் நூற்ற நூலுக்கு ஆசிரமம் கூலி கொடுத்தது. ஜமீன்தார் நிலம் கொடுத்தார். ஊர் உழைப்பைக் கொடுத்தது. அந்த வகைக் கொடை நம் மண்ணில் அரிது. நம் கொடைகள் பல சாதிக்குள்ளேயே சுற்றிவிட்டன. சத்திரங்கள் பல பராமரிப்பில்லாமல் இடிந்தன.

இன்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் முட்டையும் லாரியும் நமக்குச் செல்வம் தந்திருக்கின்றன. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் ஒரு பங்கும் அரசு மீதியும் போடும் வழக்கமும் இருக்கிறது. எனவே என்னைப் பேச அழைத்த அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கொடையை ஏதேனும் ஒரு கிராம நூலகத்துக்குக் கொடுங்கள், ஊரார் ஒரு பங்கு திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கட்டடத்துக்கு அடிக்கல் நடுமுன், புத்தகச் செலவையும் நூலகர் சம்பளத்தையும் ஆண்டுதோறும் யார் ஏற்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.